ஆறு மணிக்குள் ஒரு மறுப்பு

போன் அலறியது.

சாயங்காலம் ஐந்து இருபது. பெண் இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"மேடம்... என் புருஷன்... கம்ப்யூட்டர் முன்னாடி கவுந்து கிடக்காரு! உலுக்கினாலும் அசைய மாட்டேங்கிறாரு!"

"உடம்பு சரியில்லாம இருந்தாரா?"

"கல்லு மாதிரி இருந்தாரு மேடம்! மத்தியானமே இவங்க குரூப்ல ஒருத்தன் எழுதியிருக்கான்... 'ஆறு மணி வரைக்கும் மூலவர் வாயே திறக்க மாட்டார்'னு!"

"மூலவரா? கோயில் விவகாரமா?"

"ஐயோ, மூலவர்ங்கிறது என் புருஷன்தான்!"

ஜீப் பறந்தது.

மூன்றாவது மாடி. லிப்ட் வழக்கம் போல வேலை செய்யவில்லை. இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் மூச்சு வாங்க ஏறி வந்தபோது ஹாலில் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளறையில் மூன்று மானிட்டர்கள். நடுவில் மூலவர், மேஜை மேல் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாடி இருக்கு. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன் மேடம்" என்றாள் மனைவி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"எழுதினவன் யாரு?"

மனைவி ஹாலை நோக்கிக் கையை நீட்டினாள். "சுத்தியல்!"

தாடி வைத்த மனிதன் துள்ளி எழுந்தான். எதைப் பார்த்தாலும் உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம்! மூணு மணிக்கு வந்தேன், பேசினேன், போயிட்டேன். இப்ப ஆறு மணியைக் கொண்டாடலாம்னு திரும்பி வந்தேன்."

"ஆறு மணிக்கு என்ன? கல்யாண முகூர்த்தமா?"

பதில் அடுத்த மூலையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்த பிசியோதெரபிஸ்ட். எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா.

"ஆறு மணிக்கு எங்க அப்பாவோட பஸ் நின்னுடும் மேடம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

அவள் சொன்னாள்.

மூலவர் உருவாக்கியது 'ஒத்தை விரல்'. வீடியோ கேம் செய்வதற்கான என்ஜின். அதில் செய்த எந்த விளையாட்டையும் ஒரே பொத்தானை வைத்து ஆடலாம். உலகம் முழுக்க உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். வீட்டுக்கு வீடு வாசற்படி என்றால் இவர்களுக்கு வாசற்படிக்கு வாசற்படி சண்டை!

"எங்க அப்பா பஸ் கண்டக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம். பேச்சு போச்சு. அசையறது வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான். அவருக்காக ஒரு கண்டக்டர் கேம் செஞ்சேன். விரலால தட்டினா பஸ் நிக்கும், தட்டினா போகும். அதை ஆடும்போது மட்டும்தான் மேடம் அவர் முகத்துல அப்பா தெரியறாரு."

"இவன் என்ன பண்றான்?"

"ஒரு பொத்தானை வெச்சுக்கிட்டு எவன் மேடம் வருவான்?" சுத்தியல் கையை விசிறினான். "எட்டு பொத்தான்! முப்பரிமாணம்! அப்பதான் என்ஜினுக்கு எதிர்காலம்! தொள்ளாயிரம் பதிவு போட்டு வாதாடியிருக்கேன்."

"புது என்ஜின் வந்தா பழைய கேம் ஒண்ணு கூடத் திறக்காது" என்றாள் டாக்டரம்மா. "ஆறு மணிக்குள்ள யாராவது ஒருத்தர் மறுப்பு போட்டா இவன் திட்டம் நின்னுடும். யாரும் போடலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு அர்த்தம். அதான் எங்க விதி."

"நீயே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

டாக்டரம்மா தலை குனிந்தாள்.

"ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு மறுப்புதான் மேடம். என்னுதை ஜனவரியிலயே போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"எங்க வெப்சைட்டோட நீல நிறத்தைப் பச்சையா மாத்தப் பார்த்தாங்க..."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தவங்க?"

"ஒருத்தர் எழுத்தோட அளவுக்கு. ஒருத்தர் வணக்கம்ங்கிறதுக்குப் பின்னாடி ஆச்சரியக்குறி வேணாம்னு. எல்லாரும் பிப்ரவரிக்குள்ள காலி. மறுப்பு மிச்சம் இருக்கிறது மூலவர்கிட்ட மட்டும்தான்."

"அப்ப மூலவர் வாயை அடைச்சா லாபம் யாருக்கு?"

எல்லோர் கண்களும் சுத்தியல் மேல் விழுந்தன. அவன் தாடி நடுங்கியது.

மணி ஐந்து நாற்பத்தைந்து.

"மேடம், அவர் கணக்குல நீங்களே ஒரு மறுப்பு போட்டுடுங்களேன்!" டாக்டரம்மா கெஞ்சினாள். "கையைக் காலை வேணும்னாலும் பிடிக்கிறேன்!"

"போலீஸ்காரி கள்ள ஓட்டுப் போடக் கூடாதும்மா."

இன்ஸ்பெக்டர் மறுபடி உள்ளறைக்குப் போனார். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நின்றார். குனிந்தார்.

மூலவரின் மூக்குக் கண்ணாடி மடித்துப் பெட்டிக்குள் இருந்தது. கீபோர்டு ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கன்னத்துக்கு அடியில் ஒரு குட்டித் தலையணை!

"ஏம்மா, தலையணை நீ வெச்சதா?"

"இல்லையே மேடம்..."

"கான்ஸ்டபிள், திரையில என்ன இருக்கு?"

"எல்லாம் சேமிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு மேடம். நேரம் அஞ்சு ரெண்டு. கீழ ஒரு குறிப்பு... 'சின்னச் சின்னத் திருத்தங்கள்.'"

இன்ஸ்பெக்டர் உதட்டுக்குள் சிரித்தார்.

"மயங்கி விழறதுக்கு முன்னாடி வேலையைச் சேமிச்சு, குறிப்பும் எழுதி, தலையணையும் போட்டுக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். கான்ஸ்டபிள்... அந்த ஒயரைப் புடுங்கு."

"எதை மேடம்?"

"எல்லாத்தையும்!"

"புடுங்காதீங்க!" பிணம் எழுந்து உட்கார்ந்தது. "பின்னாடி ஒரு புரோகிராம் ஓடிட்டிருக்கு! பாதியில நின்னா எல்லாம் நாசம்!"

மனைவி வீறிட்டாள். அடுத்த நொடி அதே தலையணையால் அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "தாலி அறுந்துச்சுன்னு நினைச்சேனே, பாவி மனுஷா!"

"மன்னிச்சுடுடி..."

"ஏன் இந்த நாடகம்?" இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார்.

மூலவர் டாக்டரம்மாவைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"என்கிட்டயும் மறுப்பு இல்லைம்மா. பிப்ரவரியிலயே போட்டுட்டேன். ஐகானோட மூலையை வட்டமாக்கக் கூடாதுன்னு, ஒரு பொய்ப் பேர்ல. பதிவேடு என் கையிலதானே? என் பேருக்கு எதிர்ல காலியாவே விட்டுட்டேன். இவன் அதைக் கண்டுபிடிச்சுட்டான். மூணு மணிக்கு வந்து, மறுப்பு போட்டா ஊரறிய நாறடிச்சுடுவேன்னு மிரட்டினான். போடலைன்னா உன் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?"

"நாப்பத்து மூணு பேர் முன்னாடி மானம் போயிடும்னு பொணமா நடிச்சீங்களா?"

"அந்த நாப்பத்து மூணு பேர்தான் மேடம் எனக்கு ஊர்."

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வெடித்தது. "அப்பா இப்ப ஆடிட்டிருப்பாரு. பாதி வழியில அணைஞ்சு போயிடும். ஏன்னு கேக்கக் கூட வாய் இல்லையே அவருக்கு!"

சுத்தியல் கூடத் தரையைப் பார்த்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வளர்ச்சின்னா நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும்."

ஐந்து ஐம்பத்தெட்டு...

ஐந்து ஐம்பத்தொன்பது...

டிங்!

நடு மானிட்டரில் சிவப்புப் பட்டை ஒன்று ஒளிர்ந்தது.

*மறுப்பு: 1.*

"யாரு? யாருடா அது?" சுத்தியல் கத்தினான். "மிச்சம் யாருமே இல்லையே!"

மூலவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். திரையை நோக்கிக் குனிந்தார்.

"நாப்பத்து நாலாவது உறுப்பினர். இன்னிக்கு மூணு மணிக்குச் சேர ஆரம்பிச்சிருக்காரு. நூறு மணி நேரம் கேம் ஆடினவர் யாரு வேணும்னாலும் உறுப்பினர் ஆகலாம்னு ஒரு விதி வெச்சேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வரலை. இவங்க எல்லாம் எங்க ஆடினாங்க? சண்டைதானே போட்டாங்க!"

"பேரு?"

"போலாம்ரைட்."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "அப்பா..."

ஆறு மணிக்கு கேம் நின்றுவிடும் என்ற அறிவிப்பு அவர் திரையிலும் வந்திருந்தது. உறுப்பினராகும் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரிசையில் நகரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலால் தட்ட வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அப்படித்தான் அவரால் எழுத முடியும். மூன்று மணி நேரம் அந்த விரல் ஓயவில்லை.

"காரணம் எழுதணுமே!" சுத்தியல் விடவில்லை. "காரணம் இல்லாத மறுப்பு செல்லாது!"

"எழுதியிருக்காரு" என்றார் மூலவர். படித்தார்.

"போங்கடா."

டாக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு வருடம் கழித்து அப்பா பேசிய முதல் வார்த்தை!

"ஒத்தை வார்த்தை எல்லாம் ஒரு காரணமா மேடம்?" சுத்தியல் குதித்தான். "எட்டு பொத்தான் இல்லாம என்ன எதிர்காலம் இருக்கு? நீங்களே நியாயம் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரை அன்போடு பற்றினார்.

"மிரட்டல் கேசு இருக்கு, வா. எங்க லாக்கப்புல ஒரே பொத்தான்தான். லைட் சுவிட்ச். அதுவும் கம்பிக்கு வெளியில இருக்கு!"