கயிறு தானாக அவிழ்ந்தது

வருடத்துக்கு ஒருமுறை, அண்ணன் செத்த நாளன்று, பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயிலுக்குப் போவேன். பதினோரு வருடமாக ஒரே பாவம்தான். அதையும் முழுசாகச் சொன்னதில்லை. என்னை மாதிரிக் கோழைக்கு அதுவே பெரிய விஷயம்.

இந்த வருடம் போனபோது மாலை நான்கு மணி. கோயிலில் ஈ காக்கை இல்லை. அணைந்த மெழுகுவர்த்தி வாசனையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்திருந்தன. நான் பெயிண்டர். கர்த்தரைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையில் உப்புப் பூத்த இடம்தான் கண்ணில் படும். இதற்குச் சுரண்டிவிட்டு மூன்று கோட்டிங் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மரக்கூண்டுக்குள் போய் மண்டியிட்டேன். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"சாமி, எங்க அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்து செத்துட்டான். பலகையைக் கட்டியிருந்த கயிறு அவுந்துருச்சு. கீழ நின்ன நான் கவனிச்சிருக்கணும்."

"அவுந்துருச்சா?"

மெல்லிய குரல். சளி பிடித்தது போலக் கரகரத்தது.

"ஆமா சாமி. தானா அவுந்துருச்சு."

"கயித்துக்குக் கையா இருக்கு, தானா அவுக்க?"

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

கிராம்பு.

அண்ணனுக்குச் சொத்தைப் பல். எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பான்.

தடுப்புக்கு அப்பால் மரத்தில் யாரோ தட்டினார்கள். டக். டக். டக்.



எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உயரத்தில் தொங்கும் பலகையின் கயிறு கீழே இரும்புக் குழாயில் முடிந்திருக்கும். மேலே ஏறியவன் பலகையில் கால் வைக்கும் முன் பிரஷ் காம்பால் குழாயில் மூன்று தட்டு தட்டுவான். கட்டு சரியாக இருக்கிறதா என்று அர்த்தம். கீழே இருப்பவன் முடிச்சைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தட்டு தட்டினால், சரி, வா என்று அர்த்தம். சத்தியம் செய்கிற மாதிரி அது. அதில் யாரும் விளையாட மாட்டார்கள்.

அன்று காலை, பெயிண்டில் தண்ணீர் அதிகம் என்று அண்ணன் எல்லார் முன்னாலும் என்னை அறைந்தான். ஆட்கள் சிரித்தார்கள். மத்தியானம் நான் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு சுற்று மட்டும் சும்மா சுற்றி வைத்தேன். அவன் மூன்று தட்டினான்.

நான் ஒன்று தட்டினேன்.

"'ந்' இல்ல, 'த்'. ஒரு எழுத்துதாண்டா தம்பி," என்றது குரல். "மாத்திச் சொல்லு."

"அவுத்தேன்," என்றேன். "நான்தான் அவுத்தேன். என்னை மன்னிச்சிரு."

"கடவுள் மன்னிச்சிருவாரு. அவருக்கென்ன? விழுந்தது அவர் இல்லையே."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வாசலில் பங்குச் சாமியார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமாச்சா வந்து? டயர் பஞ்சர். இருங்க, திறக்கிறேன்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கூண்டில் அவர் உட்காரும் பக்கத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அதே இடத்தில் மறுபடி மண்டியிட்டேன். இந்த முறை அந்த ஓரெழுத்தையும் திருத்தி, அறை வாங்கியது முதல் ஒற்றைத் தட்டு வரை எல்லாம் சொன்னேன்.

"கடவுள் உங்களை மன்னிச்சிட்டார்," என்றார் சாமியார். "நீங்க சம்பாதிச்ச மன்னிப்பு இல்ல, அவரா குடுக்கிறது. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இதை உங்க அண்ணிகிட்டயும் போய்ச் சொல்லணும். அதுதான் பரிகாரம்."

குழந்தை மாதிரி அழுதேன். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது நிஜம்.

அண்ணி கீழ் வீட்டில் இருக்கிறாள். நான் மாடி அறையில். சாப்பாடு அவள் கையால்தான். இப்படியொரு கொழுந்தன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே பதினோரு வருடம் சாப்பிட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

சமையற்கட்டு வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"அவர் தட்டினப்ப, நீ பதில் தட்டினியா?"

"தட்டினேன் அண்ணி."

"கடவுள் மன்னிச்சிட்டாரா?"

"மன்னிச்சிட்டாருன்னு சாமி சொன்னாரு."

"சந்தோஷம்," என்றாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

வெளியே மாடிப்படியின் கைப்பிடி, பழைய சாரக்குழாயை வெட்டி அண்ணன் பொருத்தியது, சத்தமிட்டது.

டக். டக். டக்.

நாங்கள் இருவரும் கேட்டோம். பெயிண்டர் பெண்டாட்டிக்கு அந்தத் தட்டின் அர்த்தம் தெரியாதா?

"அண்ணி, வேணாம்," என்றேன்.

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் படியடிக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. குழாயில் கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு கரண்டிக் காம்பால் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

முதல் படி கிறீச்சிட்டது.

அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஒரு படிதான். மறுநாள் மாலை அதே நேரத்துக்கு மூன்று தட்டு. அண்ணி சமையலை விட்டு வந்து ஒரு தட்டு தட்டினாள். இரண்டாவது படி கிறீச்சிட்டது. அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் மூடி வைத்திருப்பாள்.

ஓடிவிடலாம்தான். எந்த ஊருக்குப் போனாலும் பெயிண்ட் அடித்துப் பிழைத்துக்கொள்வேன். ஆனால் ஓடினால், கயிறு மறுபடி தானாக அவிழ்ந்ததாகிவிடும். கடவுள் மன்னித்தது பொய்யில்லை. அதனால்தான் மாடி அறையில், கதவைப் பார்த்துப் போட்ட இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிகிறது.

என் அறைக்குப் பதினான்கு படிகள். நேற்று பதின்மூன்று.

கதவைத் தாழிடவில்லை. கீழே அண்ணி இப்போதுதான் ஒரு தட்டு தட்டினாள். கிராம்பு வாசனை அறைக்குள்ளேயே வருகிறது.