அபயமணம்

நிலவுக் குடியிருப்பின் அவரைக் கூடத்தில் காவற்பேன்கள் இன்றும் வேலைக்கு வரவில்லை.

வடிவு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். செஞ்சிலந்திகள் வலை பின்னி, சாறு குடித்து, குடும்பம் குட்டியோடு கொழுத்திருந்தன. அவற்றைத் தின்னவென்றே பூமியில் உருவாக்கி ராக்கெட்டில் அனுப்பிய காவற்பேன் ஒன்றைக்கூடக் காணோம். ராக்கெட்டில் அவை அடைத்த இடத்தில் ஒரு மூட்டை அரிசியாவது வந்திருக்கும்.

மருந்தடிக்க வழியில்லை. செடி விடும் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். செஞ்சிலந்தி கடித்தால் செடி ஒரு வாசனையை விடும். அது அபயமணம். மோப்பம் பிடித்ததும் காவற்பேன் எங்கிருந்தாலும் ஓடிவந்து கடித்தவனைத் தின்ன வேண்டும். அந்த மோப்பத்தைத்தான் விஞ்ஞானிகள் நூறு மடங்கு கூர்மையாக்கியிருந்தார்கள்.

"நாளைக்குள்ள சரியாகலேன்னா கூடத்துக் காத்தை வெளிய விட்டுரணும்," என்றாள் குடியிருப்புத் தலைவி எஸ்தர். "மத்த கூடத்துக்குப் பரவுனா எல்லாருக்கும் பட்டினிதான்."

"அவரை அத்தனையும் செத்துருமேக்கா."

"தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

சாப்பாட்டு அறையில் மின்பணியாளர் தங்கப்பழம் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார். வடிவு சந்தேகப்பட்டு உருப்பெருக்கியை வைத்தாள். காவற்பேன்கள் அங்கே திருவிழாக் கூட்டமாய் மொய்த்துக்கொண்டிருந்தன.

"ஏண்ணே, உங்க மண்டையில அவரையா காய்க்குது?"

"தலைவலிம்மா. தைலம் தேய்ச்சேன்."

வடிவுக்குத் தன் தலையும் வலித்தது. தலைவலித் தைலத்தில் இருப்பதும் செடியின் அபயமணத்தில் இருப்பதும் ஒரே சரக்கு. தைல டப்பா இல்லாமல் நம்மவர்கள் பக்கத்து ஊருக்கே போவதில்லை; நிலவுக்கு வருவார்களா? செடிகள் முனகின, மனிதர்கள் தைலத்தால் அலறினார்கள். பேன்கள் அலறியவர்களிடம் போய்விட்டன.

எஸ்தர் உடனே உத்தரவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் டப்பாக்களை ஒப்படைத்தார்கள். அப்படியும் பேன்கள் திரும்பவில்லை. வடிவு உருப்பெருக்கியோடு நடைபாதையில் தவழ்ந்து, விஞ்ஞானிகளைத் திட்டிக்கொண்டே பேன்களின் வரிசையைத் தொடர்ந்தாள். வரிசை எஸ்தரின் கதவுக்கு அடியில் நுழைந்தது.

உள்ளே தலைவி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலின்னு தெரிஞ்சா பூமிக்கு அனுப்பிருவாவ, வடிவு. அங்க எனக்கு ஆரு இருக்கா?"

வாய் நிறையக் கொண்டுவந்த திட்டை வடிவு விழுங்கினாள். ஈரத்துணியால் முழங்காலைத் துடைத்தாள். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனி நான் எப்படி உறங்க?"

"காலை நீட்டுங்க. நான் பிடிச்சு விடுதேன். வலின்னதும் பேனு வந்து நின்னுருக்கு. நாங்கதான் வரல."

மறுநாள் பேன்கள் அவரைக்குத் திரும்பி, விட்ட பசிக்கும் சேர்த்துச் செஞ்சிலந்திகளைத் தின்றன. கூடம் பிழைத்தது. கடி நின்றதும் செடிகள் அபயமணத்தை நிறுத்திக்கொண்டன. செடிகள் நாணயமானவை.

மனிதர்கள் வேறு ரகம். வடிவு தலைவிக்குக் கால் பிடித்த செய்தி பரவியதும், வடிவின் அறை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தங்கப்பழம். அவருக்குப் பின்னால், ஒருநாளும் ஒரு வலியும் சொல்லாதவர்களெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள்.

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எங்க வலிக்கு?"

தங்கப்பழம் சற்றுத் தயங்கினார். "அதை இன்னும் யோசிக்கலம்மா. நீ பிடி, சொல்லுதேன்."