படிகம் வைக்காத படம்

ஷட்டரை மூடிய பிறகும் கருவிக்குள் இன்னொரு முறை 'டக்' என்று கேட்டது. சிவசங்கரி பின்னால் நகர்ந்தாள்.

படிகங்களுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் எக்ஸ்ரே கருவி. படிகங்களைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தேவுடு காத்த காலாப்பட்டு பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு, மல்லுக்கட்டி அவள் வாங்கிக் கொடுத்தது. இயக்கத் தெரிந்தவளும் அவள்தான். கர்ப்பிணியை இந்த அறைக்குள் விடமாட்டார்கள். ஆனால் யாருக்குத் தெரியும்?

"மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்று தவளக்குப்பத்து மாமியார் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தன. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"ரேடியேஷன் லீக் இல்லல்ல?" என்றாள்.

"மீட்டர் ஒண்ணும் காட்டலீங்க மேடம்" என்றார் கருவியைப் பொருத்த வந்த கம்பெனி இன்ஜினியர் விஜயராகவன். "படிகம் வைக்காம ஒரு படம் எடுத்துப் பாருங்க. எதுவும் வரக்கூடாது. நான் பஸ்ஸப் புடிக்கறேன்."

லீக் இல்லை என்கிற ஆள் வந்ததிலிருந்து ஏன் கதவோரமே நின்றார்? கேட்பதற்குள் போய்விட்டார்.

ஐப்பசி மழை சாயங்காலத்தையே இருட்டாக்கியிருந்தது. ஜன்னல் இடுக்கில் கடலின் உப்பு வாடை கசிய, தண்ணீர் பம்ப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, ஈயக் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் படிகத்தை ஒட்டிவைக்கும் ஊசிமுனை மட்டும் வெறுமையாக மெல்லச் சுழல்வதைப் பார்த்தபடி அவள் நின்றாள்.

படிகம் இருந்தால் திரையில் புள்ளிகள் வரும். இல்லாவிட்டால் வெறும் கறுப்பு.

முதல் படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு வளைந்த கோடு. தூசியாக இருக்கும். அடுத்ததில் கோடு முழுக்கக் கணுக்கள். விஜயராகவன் ஏதாவது விளையாட்டுக் காட்டிவிட்டுப் போனாரா? கருவியின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஊசிமுனை காலி.

மூன்றாவது படத்தில் விலா எலும்புகள். ஒரு பெரிய தலை. மடங்கிய கால்கள்.

கை தானாக வயிற்றுக்குப் போனது. நாளைக்கே சொல்லிவிடுகிறேன், எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று யாரிடமோ கெஞ்சினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். பம்ப் நின்றது.

திரை அணையவில்லை.

அடுத்த படம் மேலிருந்து கீழாக இறங்கியது. தலை அவள் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு குட்டிக் கைகள், வெளிச்சம் கூசுவதுபோல, முகத்தை மூடியிருந்தன.

அவள் கதவை நோக்கி ஓடினாள். திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த படம்.

முகத்தின் மேல் கைகள் இல்லை.