ஒருத்தர் மூச்சு

மூன்றாவதாக மாட்டிய பெட்டியும் பழைய பெட்டிகள் சொன்னதையேதான் சொன்னது. அத்தாவுல்லாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

கல்லூரியிலிருந்து வந்திருந்த மங்கை மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய படுக்கையறையை அதில் கோடுகோடாக வரைந்திருந்தார்கள். சுவரில் மெஷின், கட்டிலில் ஆளுக்குப் பதில் இரண்டு சிவப்புக் கட்டைகள்.

"பாய், ஆளுங்க விடுற மூச்சை இந்தப் பெட்டி அளக்குது. கதவைச் சாத்திட்டு ரெண்டு பேர் படுத்தா நம்பர் ஆயிரத்தைத் தாண்டணும். இங்க ஒருத்தர் அளவுக்குத்தான் ஏறுது. அம்மா வேற ரூம்ல படுக்கிறாங்களா?"

"வேற ரூமு எங்க கீது? நானும் அவளும் இங்கதான் படுக்கறோம். உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சி பூச்சா?"

"கணக்கு ஒத்து வரலைன்னா மெஷினைக் கழட்டிடுவாங்க பாய்."

அங்கேதான் அவருக்குக் குத்தியது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் அவர் மனைவி ரஹீமுன்னிசாவின் நெஞ்சைப் பல வருடமாக அரித்திருந்தது. ஓசியில் வரும் எதையும் நம்பாத மனிதர், கல்லூரிக்காரர்கள் சோதனைக்காக மாட்டிய இந்த மெஷினை மட்டும் நம்பினார். அறைச் சூட்டை உறிஞ்சிக் குளிர் கொடுத்தது. அந்தச் சூட்டிலேயே குளிக்க வெந்நீரும் கொடுத்தது. வெளிக்காற்றை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டது. மாட்டிய அன்று ராத்திரி முழுக்க அவள் மூச்சுக்குத் திணறினாள். விடியும்போது திணறல் நின்றது. அன்றிலிருந்து ஒரு இருமல்கூட இல்லை.

மங்கை போனதும் அவர் மனைவியிடம் சொன்னார்: "நான் வெளிய நிக்கிறேன். நீ ஒண்டியா படு. உன் மூச்சை அது எப்டி எண்ணாம பூடுதுன்னு பாத்துடலாம்."

"சரிங்க," என்றாள், சுவரைப் பார்த்தபடி.

கதவைச் சாத்திவிட்டு நடைபாதைப் பக்க ஜன்னலுக்கு வந்தார். அந்திநேர மக்ரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. துறைமுகத்துக்கு வரிசை கட்டிய கண்டெய்னர் லாரிகளின் உறுமலும், கருவாட்டு நாற்றமும், கொடியில் காய்ந்த துணிமேல் படிந்த சாம்பலின் புளித்த வாடையும் சேர்ந்து அவர் தொண்டையைக் கரகரக்க வைக்க, உள்ளே மெஷின் மட்டும் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. கைலி நுனியால் துடைத்தார். பெட்டியின் பச்சை எண் தெரிந்தது.

ஏற வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது.

கழிசடைப் பெட்டி என்று திட்டினார். திட்டிக்கொண்டே இருந்தவருக்குக் காலையில் அவள் டீ குடித்தது நினைவுக்கு வந்தது. கொதிக்கக் கொதிக்க. ஊதவே இல்லை. தினமும் மக்ரிப் தொழுதுவிட்டு அவர் நெஞ்சில் ஓதி ஊதுவாள். மெஷின் வந்த பிறகு ஒருநாளும் ஊதவில்லை. மறந்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு இவரும் கேட்கவில்லை.

எண் இறங்கியது. நானூறைத் தொட்டது. ஆளில்லாத அறைக்கு அதுதான் கணக்கு என்று மங்கை சொல்லியிருந்தாள்.

"ரஹீமா," என்றார்.

கட்டிலில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியருகே வந்தாள்.

"இன்னாங்க, வெளியவே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க. ஓதி ஊதறேன்."

அவர் அவளுடைய நெஞ்சைப் பார்த்தார். அசையவில்லை. அவர் எங்கே பார்க்கிறார் என்று அவளும் குனிந்து பார்த்தாள்.

பிறகு அது அசைந்தது. ஏறியது. இறங்கியது.

அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சும் வேகமாக ஏறி இறங்கியது. அவர் இழுக்கும்போது ஏறியது. விடும்போது இறங்கியது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அது நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் வாயையே பார்த்தபடி, அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள்.