முகாமிலிருந்து கூட்டி வந்தவள்

கத்திரி வெயில் ஊரையே வறுத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், மகளின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் மட்டும் காயவில்லை. காலையில் மலைமேல் பூசியது. இந்நேரம் பொருக்குத் தட்டி உதிர்ந்திருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தமிழ்செல்வி ஆசை ஆசையாக அந்தத் தலையைத் தடவினாள். விரலெல்லாம் ஜில்லென்று ஈரம். புடவையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

கனகம்மாசத்திரம் தாண்டி ரோட்டோரம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், பத்தாவது முடித்த பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடந்தது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, பேராசிரியர்களிடம் பாடம் கேட்டு, கல்லூரி என்றால் என்னவென்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். மோனிஷா சாப்பிடாமல் அடம்பிடித்துச் சேர்ந்தாள். இருப்பது அவள் ஒருத்திதான். அப்பன் லாரியோடு மாசக்கணக்கில் வெளியூர். போன வருஷம் மோனிஷா டெங்குவில் கிடந்து பிழைத்தபோது, மகளுக்கு மொட்டை போடுவதாகத் தமிழ்செல்வி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

முகாமின் கடைசி நாள் பிள்ளைகளைத் திருத்தணி மலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அப்படியே முடியும் எடுத்துவிடச் சொல்லி வார்டன் ஸ்வீட்லினிடம் போனில் கேட்டுக்கொண்டாள். பெற்றவள் பக்கத்தில் உட்காராமல் பிள்ளைக்கு முடி இறக்குவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமே இல்லை. ஆனால் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் காலை வேளைக்கு லீவு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். சாமி கோபித்துக்கொள்ளாது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மத்தியானம் அவள் போய் இறங்கியபோது உள்ளே மைக் அலறிக்கொண்டிருந்தது. மகள் மட்டும் கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில், தனியாக நின்றிருந்தாள். முகாம் டீ-ஷர்ட், மொட்டைத் தலை, சந்தனம். ஒரு நொடி யாரோ என்று தோன்றியது. பிறகு அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"பை எங்கடி?"

"அப்புறம் தருவாங்க."

திருத்தணி பஸ் வந்து நின்றுவிட்டது. அவசரத்தில் உள்ளே போய் யாரிடமும் சொல்லாமல், நீட்டிய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஜெயம்மா மோவாயில் கை வைத்தாள். "இன்னாடி இது, நம்ப மோனிஷாவா? அடையாளமே தெரியலியே!"

"எனக்கே ஒரு மாதிரிதான்க்கா இருக்குது. பேசவே மாட்டேன்றா."

"மொட்ட போட்டா மூஞ்சியே மாறிப்பூடும். ரெண்டு நாள்ல சரியாப்பூடும், வுடு."

தமிழ்செல்வியும் விட்டுவிடத்தான் பார்த்தாள். ஆனால் தர்பூசணியை நறுக்கி வைத்தால், அது தட்டிலேயே நீர் விட்டுக்கொண்டு கிடந்தது. சுவரெல்லாம் அனலாய்க் கொதிக்கிற வீட்டில், நாற்காலியின் நுனியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. அவளிடமிருந்து வந்ததும் சந்தன வாசனை இல்லை. மலைமேல் முடி எடுக்கும் மண்டபத்தின் மூலையில் குவிந்து கிடக்குமே, ஊர் உலகத்துத் தலைமுடியெல்லாம் ஈரமாக, அந்த வாடை. முடியே இல்லாத தலையிலிருந்து அது கிளம்பி அறை முழுக்க நிறைந்தது. தமிழ்செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படி அருவருக்கிறோமே என்று அழுகையும் வந்தது.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு ஒன்று மகளின் தலையில் உண்டு. பொழுது சாய்கிற நேரத்தில், எண்ணெய் தடவுகிற சாக்கில் அதைத் தேடினாள். இல்லை. மழமழவென்று வெறும் தோல்.

"இடது பக்கம்தானே இருந்துச்சு," என்று முணுமுணுத்தாள்.

அவள் விரலுக்கடியில் தோல் மெல்ல நெளிந்தது. புடைத்தது. இடது பக்கத்தில் ஒரு தழும்பு எழுந்து நின்றது.

எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தப் பெண் திரும்பவில்லை. கரண்ட் போய் மின்விசிறி நின்றது. தெருவில் ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

போன் அடித்தது.

"அக்கா, ஸ்வீட்லின் பேசறேன். எல்லாரும் கிளம்பிட்டாங்க. உங்க பொண்ணு மட்டும் கேட்டாண்ட உக்காந்துகினு அழுவுறா. எப்ப வர்றீங்க? இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க. நான் ரூமைப் பூட்டிட்டு வந்துடறேன்."

"ம்மா!" மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கோச்சிக்கினியா? நீ இல்லாம மொட்ட போட்டுக்க மாட்டேன்னு மிஸ்ஸாண்ட சொல்லிட்டேன். அதுக்காம்மா வரல?"

இவள்தான். இதுதான் அவள் குரல்.

"இல்லடி கண்ணு." குரலைத் தாழ்த்தினாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த நாற்காலி. "அம்மா வந்துகினே இருக்கேன். நீ உள்ள ஓடு. மிஸ்ஸாண்ட போ. யார் கூப்ட்டாலும் போவாத."

"ஏம்மா மெதுவா பேசற?"

"சொன்னதச் செய்டி!"

மோனிஷா சிரித்தாள். அழுகை மாறாத சிரிப்பு.

"போம்மா, ஏமாத்தாத. அதான் வந்துட்டியே! ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற."

தமிழ்செல்வி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

போன் வெளிச்சம் நாற்காலியில் விழுந்தது. அந்தப் பெண் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. அறையில் சத்தமில்லை.

போனுக்குள், லாரிகளின் இரைச்சலுக்கு அப்பாலிருந்து, ஒரு குரல் கேட்டது. தமிழ்செல்வியின் குரல்.

"வாடி கண்ணு. போலாம்."

அது நான் இல்லடி. போவாதடி. நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி கத்தினாள். காற்றுதான் வந்தது.

எதிரே அந்த உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன, நிதானமாக, ஆசையாக, பெற்றவள் கூப்பிடுவது மாதிரியே.

"தோ வர்றேம்மா," என்றாள் மோனிஷா. ரோட்டைக் கடந்து ஓடும் செருப்புச் சத்தம் போனில் கேட்டது.