முகூர்த்தப் புடவைக்குப் பதில் ஒரு கல்

காலை பத்தரை மணி. சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண வீட்டில் முகூர்த்தப் புடவைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பழந்துணியில் சுற்றிய கருங்கல். பெட்டியைக் கொண்டுவந்தவர் ஆட்டோக்காரர் தாவீது.

குமாரசாமியின் பட்டுக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூடிய பெட்டி கைமாறும்போது அப்படியே தராசில் நிறுத்துக் காட்டுவார்கள். இன்றும் பெட்டி கட்டும் இளவரசன், புதிதாகப் போட்ட கறுப்புக் கல் மேடையில் தராசை வைத்துக் காட்டினான். எடை சரியாக இருந்தது. அதுதான் இப்போது தாவீதின் கழுத்தை நெரித்தது. கடையில் சரியாக இருந்த பெட்டி வழியில்தானே மாறியிருக்க வேண்டும்?

வழியில் எங்கே நின்றார் என்று விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஏலவார்குழலி கேட்டார்.

"சிறுபாலம் கட்றாங்களே, அங்க டீ குடிச்சேன் மேடம். பெட்டி வண்டிலயேதான் இருந்துது."

அங்கே ஜல்லிக் குவியல் இருந்தது. காவலர் ஒரு ஜல்லியை எடுத்துவந்து பெட்டிக் கல்லோடு வைத்தார். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் புதிதாக உடைந்தவை. ஏலவார்குழலிக்கு அது போதும். வண்டி போனால் கடன் வாங்கியாவது இன்னொன்று எடுக்கலாம், திருடன் என்ற பேரை என்ன செய்வது என்று தாவீது நொந்துபோனார்.

மணப்பெண்ணின் அக்கா ஸிந்துஜா கல்லூரியில் நிலவியல் நடத்துபவள். கல்யாண வேலையைப் போட்டுவிட்டு, இரண்டு கற்களையும் முற்றத்து வெயிலில் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஜல்லி இல்லை மேடம்."

ஜல்லியில் உடைந்த கண்ணாடி போல் மினுங்கும் குவார்ட்ஸ் மணிகள் நிறைய. பெட்டிக் கல்லில் ஒன்றுகூட இல்லை. அதில் வெளிர் மணிகளின் தட்டை முகத்தில் நெருக்கமான நேர்வரிகள். அது ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில் ஒரு வகை. கறுப்பு மணிகள் பைராக்ஸீன். இரண்டும் பருமணியாகச் சேர்ந்தால் கேப்ரோ என்னும் பாறை. கடைகளில் கறுப்பு கிரானைட் என்று விற்பது பல சமயம் இதைத்தான். மெருகிட்டால் கறுப்பு, உடைத்தால் சாம்பல்.

தாவீதுக்குப் பொறி தட்டியது. "கடைல புச்சா மேடை போட்டுக்கீறாங்கமா. வெட்டுன துண்டு கீழயே கெடந்துது."

ஸிந்துஜா சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "கடையில எவனோ அடையாளம் தெரியாம இருக்க பளபளப்பைச் செதுக்கித் தள்ளியிருக்கான். புடவை எடை வர வரைக்கும் செதுக்கியிருக்கான். டீக்கடையில நிக்கறவர்கிட்ட தராசு ஏது?"

கடையில் விசாரித்தபோது இளவரசன் முதலில் தனக்கு எதுவும் தெரியாது என்று சாதித்தான். மேடைக்கு அடியில் மெருகுச் சில்லுகள் கிடைத்ததும் மூலையைக் கைகாட்டினான். அங்கிருந்த பாவு நூல் மூட்டைக்குள்ளிருந்து புடவை வெளியே வந்தது. தாவீது அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பியது போல் இருந்தது.

புடவையை ஜீப்பில் அனுப்பலாமா என்று ஏலவார்குழலி போனில் கேட்டார்.

"வேண்டாம் மேடம். தாவீதே எடுத்துண்டு வரட்டும்" என்றாள் ஸிந்துஜா.

குமாரசாமி வழக்கப்படி பெட்டியைத் தராசில் வைத்தார். தாவீது முள்ளைப் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்து, புடவையைக் கண்ணாரப் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்பினார்.