இழுக்காமல் வந்த கால்

"அபி, கையை விட்டுடாத" என்று கெஞ்சினான் ரஞ்சித்குமார்.

அபிநயா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுடைய வலது கையை இழுத்தாள். இடது கையை ஜெயப்பிரகாஷ் இழுத்தான். நடுவில், ஏரிச் சேற்றில் ஒரு கால் கெண்டைக்கால் வரை புதைந்துபோய், ரஞ்சித் கோணலாக நின்றான்.

கரைக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அரியலூருக்கு அடுத்த பஸ் மதியம்தான். ரிலே ஓட்டமோ காலையிலேயே. கடைசி ஆளாக ஓட வேண்டியவன் ரஞ்சித். அவன் இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பு அணியே கிடையாது.

"ஏரி காஞ்சிருக்கு, குறுக்கால போயிடலாம்னு யாருடா சொன்னது?" என்றாள் அபிநயா.

"நான்தான். மேல காஞ்சுதான் இருந்துச்சு. உள்ள காயல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"நீங்க இழுக்க இழுக்க நான் உள்ள போறேன்."

"அப்ப இன்னும் பலமா இழுப்போம். எங்கப்பா கரும்பு டிராக்டரையே கயிறு கட்டி இழுத்தவரு" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"நான் என்ன டிராக்டராடா?"

இருவரும் மறுபடி இழுத்தார்கள். வியர்வையில் அபிநயாவின் கை வழுக்கியது. தொப்பென்று பின்னால் விழுந்தாள். கூடவே ஜெயப்பிரகாஷும் கையை விட்டான். இனி அவ்வளவுதான் என்று ரஞ்சித் அப்படியே நின்றுவிட்டான்.

குபுக்.

அவன் காலுக்குப் பக்கத்தில் ஒரு குமிழி வெடித்தது. அபிநயா கூர்ந்து பார்த்தாள். இழுத்தபோது இறுகிய சேறு, இப்போது மெல்ல இளகுகிறது.

"யாரும் எதுவும் செய்யாதீங்க. சும்மா இருங்க" என்றாள்.

"பஸ் போயிடும் அபி" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"சும்மா இருன்னேன்ல."

சொல்லிவிட்டாளே தவிர, சும்மா இருப்பது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டி என்றால் முதல் ஆளாக நிற்பவள் அவள். கை பரபரத்தது. இரண்டு கைகளையும் மடக்கி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ரஞ்சித், காலைத் தூக்காத. தூக்கணும்னு நினைக்கவும் நினைக்காத."

"நினைக்காதன்னு சொன்னாத்தான் நினைப்பே வருது."

"அப்ப வேற எதையாவது நினை. நேத்து சத்துணவுல என்ன போட்டாங்க?"

"தக்காளி சாதம். முட்டை."

"முட்டை எப்படி இருந்துச்சு?"

"சின்னது. இவனுக்கு மட்டும் பெரிய முட்டை."

"என் முட்டை மேல கண்ணு வச்சுதான் நீ புதைஞ்சிருக்க" என்றான் ஜெயப்பிரகாஷ்.

ரஞ்சித்துக்குச் சிரிப்பு வந்தது. விறைத்திருந்த தோள்கள் தளர்ந்தன. குபுக், குபுக். கால் லேசாக அசைந்தது. ஷூ மட்டும் அசையவில்லை.

"லேஸை அவுத்துட்டு காலை மட்டும் உருவு. ஷூவைச் சாயங்காலம் வந்து தோண்டிக்கலாம்" என்றாள் அபிநயா.

"முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது."

ரஞ்சித் குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டுக் கணுக்காலைப் பொத்திக்கொண்டான்.

"என்னடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று எட்டிப் பார்த்தான் ஜெயப்பிரகாஷ்.

அதே கேள்வி அபிநயாவின் நாக்கு நுனியிலும் இருந்தது. ரஞ்சித்தின் முகத்தைப் பார்த்தாள். கேள்வியை விழுங்கிவிட்டாள்.

"ஜேபி, நீ ஓடு. பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி சார்கிட்ட சொல்லு."

அவன் ஓடியதும் அவள் எழுந்து திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் பாக்கல. கேக்கவும் மாட்டேன். அங்க ஒரு கொக்கு நிக்குது, அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

கொக்கு இரண்டு அடி நடந்தது. பிறகு சளக் என்று ஒரு சத்தம்.

"வந்துட்டேன். ஓடு அபி."

பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றிருந்தார் விளையாட்டு ஆசிரியர் மணிவண்ணன்.

"சேத்தோட ஏறாத தம்பி. கழுவிட்டு ஏறு" என்றார் கண்டக்டர்.

"ஷூ எங்கடா?" என்றார் சார், தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி.

"ஏரியில விட்டுட்டேன் சார். வெறுங்கால்லதான் நான் இன்னும் வேகமா ஓடுவேன்."

அபிநயா பாட்டிலை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டில் போன சிமென்ட் லாரியை வேடிக்கை பார்த்தாள். ரஞ்சித் அவளைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

"நீயே ஊத்து அபி. யாரு பாத்தா என்ன?" என்று காலைப் படியில் நீட்டினான்.

அவள் ஊற்றினாள். சேறு கரைந்தது. விரல்கள் தெரிந்தன. குதிகால் தெரிந்தது. அதற்கு மேலே, கணுக்காலில், வளையல் போட்டதுபோல் சாக்ஸின் மேல்பாதி மட்டும் இருந்தது. கீழ்ப்பாதி இல்லவே இல்லை.

"கீழ கிழிஞ்சுபோச்சு சார். ஷூ போட்டா மேல மட்டும்தான தெரியும்? அதான் வெட்டி எடுத்துட்டேன்."

ஜெயப்பிரகாஷ் அந்த வளையலையே உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் பேண்டைத் தூக்கிக் காட்டினான். கணுக்கால் வெறுமையாக இருந்தது.

"எனக்கு எலாஸ்டிக் போயி, மொத்தமும் ஷூவுக்குள்ள கிடக்கு. உன் மேல்பாதியை எனக்குக் குடுடா, சேத்துப் போட்டா ஒரு முழு சாக்ஸ்."

விசில் ஊத வேண்டிய கண்டக்டர் சிரித்து முடிக்கும்வரை பஸ் கிளம்பவில்லை.